நாலு வருஷத்துப் புகை

ஆனி பிறந்து, ஊரைச் சுற்றி நிற்கும் மின்சாரக் காற்றாடிகள் எல்லாம் மூச்சுவிடாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கிரேசம்மாவின் வேன் நான்கு வருஷமாக விட்ட புகை அத்தனையும் பணகுடிக்குத் திரும்பி வந்து மாசானத்தின் பட்டறை வாசலில் வரிசைகட்டி நின்றது. அந்த மாதத்துக் காற்று எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயப்போட்ட துணியை அடுத்த தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும், பேசிக்கொண்டு நடந்தால் பாதிப் பேச்சை மணல் தின்றுவிடும், சைக்கிளில் ஏறினவன் மிதிக்காமலே கிழக்கே ராதாபுரம் போய்ச் சேர்ந்துவிடுவான். அப்படிப்பட்ட காற்றில் அந்தப் புகை மட்டும் ஒரு நூல்கூட அசையாமல், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளாட்டின் உயரத்தில், சாம்பல் நிறத்தில், ஒரு நாள் ஓட்டத்துக்கு ஓர் உருண்டை என்று பட்டறை வாசலில் தொடங்கி, டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் நின்றது.

பட்டறையைத் திறக்க வந்த மாசானம், சாவியைக் கையில் பிடித்தபடி முதல் உருண்டைக்கு முன்னால் குனிந்து ஒரு தடவை முகர்ந்தான். சரியாக எரியாத பெட்ரோல், அதற்குள் முந்திரிக்கொட்டை ஓட்டின் கசந்த எண்ணெய் வாடை. யாருடைய வண்டி விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் தன் வாசலில் வந்து நிற்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. பூட்டைத் திறந்து உள்ளே போய், நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கிரீஸ் படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வேலையைத் தொடங்கினான்.

விஷயம் இதுதான். கிரேசம்மாவின் வீட்டுக்காரர் இறந்துபோனபோது அவர் விட்டுப்போனது பிள்ளைகளும் இல்லை, நிலமும் இல்லை, எட்டுப் பேர் உட்காருகிற ஒரு பழைய பெட்ரோல் வேன்தான். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஆறே வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊரிலிருந்து ஏழு பெண்களைத் தினமும் காலையில் நாகர்கோவில் பக்கத்து முந்திரி ஆலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர ஆரம்பித்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கிளட்ச் மாற்றுவதற்காக வேனை மாசானத்திடம் விட்டுப்போனாள். வேனுக்கு அடியில் அவன் மல்லாந்து படுத்திருந்த அதே மத்தியானத்தில், வெளியூர் ஆள் ஒருவன் சாக்கோடு வந்து வாசலில் நின்றான்.

வண்டிக்கு அடியில், எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் ஒரு தகர டப்பா இருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். அதற்குள் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கல். எஞ்சின் துப்புகிற நஞ்சையெல்லாம் அந்தக் கல்தான் பிடித்து எரித்து, மனிதர் தாங்கக்கூடிய காற்றாக்கி வெளியே அனுப்பும். அந்தக் கல்லில் தங்கத்துக்குச் சமமான ஏதோ ஒன்று பூசியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட ஆட்கள் பட்டறை பட்டறையாகக் கேட்டுத் திரிந்த காலம் அது. மாசானம் டப்பாவை அறுத்தான், கல்லை எடுத்துச் சாக்கில் போட்டான், வெறும் டப்பாவை மறுபடி மூடி வெல்டிங் வைத்தான். அரை மணி நேர வேலை. அந்தக் காசில் என்ன வாங்கினான் என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் அவனை ரொம்பவும் அரித்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, வீட்டுக் கூரை இடிந்தது என்றோ இருந்திருந்தால் மனசுக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ஒன்றும் இல்லை. கல் இருந்தது, ஆள் வந்தான், கொடுத்தான்.

நாலாம் நாள் வேனின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. கிரேசம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “தம்பி, இது என்னமோ கண்ணு முழிச்சிப் பாக்குதுல்லா?” என்றாள். மாசானம் ஸ்கேனரைச் சொருகினான். கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அது ஒரே வரியில் சொல்லிற்று. அந்த வரியை அவளுக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு, “சென்சார் கெட்டிருக்குக்கா” என்றான். சென்சார் மாற்றினான், லைட்டை அணைத்தான். நாலாம் நாள் எரிந்தது. பிளக் மாற்றினான். நாலாம் நாள் எரிந்தது. பெட்ரோலில் கலப்படம் என்றான், வயரை எலி கடித்திருக்கிறது என்றான், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றான், வண்டிக்கு வயசாகிறது என்றான். ஒவ்வொரு தடவையும் அணைப்பான், ஒவ்வொரு தடவையும் நாலாம் நாள் அது எரியும். உறுத்தலில் அவன் அவளிடம் கூலி வாங்குவதை நிறுத்தினான். கூலி வாங்காத மெக்கானிக் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி மெச்சினாள். மெச்சியதோடு நிற்காமல் தூக்குவாளியில் மீன் குழம்பும், ஆலையில் கிடைக்கிற உடைந்த முந்திரியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, அந்தக் காரணத்தை அவனால் சொல்ல முடியவில்லை.

அவன் வைத்த வெல்டிங்கில் இரண்டாம் வருஷம் ஒரு மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அதையும் பார்த்தான். பேஸ்ட் வைத்து அடைத்தான். அது உதிர்ந்துபோனது என்பது அடுத்த முறை வண்டி வந்தபோது தெரிந்தது. மறுபடி அடைத்தான், மறுபடி உதிர்ந்தது. மூன்றாம் வருஷம், பின் சீட்டில் உட்காருகிற தங்கபுஷ்பம் என்ற பெண்ணுக்கு இருமல் வந்தது. முப்பத்து நாலு வயது. இருமல் இளைப்பாகி, இளைப்பு மூச்சு முட்டலாகி, ஆறு மாதத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். ஆலையில் கொட்டை வறுக்கிற புகை அவளைப் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. டாக்டரும் அப்படித்தான் இருக்கும் என்றார். மாசானமும் அப்படித்தான் இருக்கும் என்று தினமும் ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான்.

புகை வந்து நின்ற அன்று பத்து மணிக்குள் ஊர் அதைப் பார்த்து முடித்துவிட்டது, பன்னிரண்டு மணிக்குள் அதற்குப் பழகிவிட்டது. பேரூராட்சியிலிருந்து தெருப் பெருக்க வந்த பெண் துடைப்பத்தோடு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு பெருக்க ஆரம்பித்தாள். புகை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. அவள் பெருக்கி முடித்ததும் மறுபடி வந்து அதனதன் இடத்தில் நின்றது. டவுன் பஸ் டிரைவர் நிறுத்தத்தை இருபது அடி தள்ளி வைத்துக்கொண்டார், மறு வாரமே கண்டக்டர் “புகை ஸ்டாப்பெல்லாம் இறங்கு” என்று குரல் கொடுத்தார். ரேஷன் கடையில் இடம்போட்டு வைக்கிறவர்கள் பையை ஒரு உருண்டையின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள், பை விழவில்லை. ஜீப்பில் ஒரு அதிகாரி கருவியோடு வந்து, அரை நாள் சுற்றிப் பார்த்து, வண்டி எண் இல்லாத புகையைச் சோதிக்கப் படிவம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதைவிடப் பெரிய விஷயம் அவற்றின் வாசனை. நான்கு வருஷமாகக் காற்று கொண்டுபோன இடமெல்லாம் போய்விட்டு வந்த புகை அல்லவா, அடியில் பெட்ரோல் நாறினாலும் மேலே ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் மணத்தது. ஒன்றில் உவரிக் கடலின் உப்பு, ஒன்றில் தோவாளைப் பூச்சந்தை, ஒன்றில் மலையாளத்து ரப்பர் ஷீட், ஒன்றில் ஆந்திரத்து மிளகாய்க் களம். மகன் வெளிநாடு போய்ச் சேதி இல்லாமல் இருந்த ஒரு தாய் ஒவ்வோர் உருண்டையாய் முகர்ந்துகொண்டு ரயில்வே கேட் வரை போய், ஒன்றின் முன்னால் நின்று, “இது அவன் இருக்கிற ஊரு மணம்தான்” என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றில் யாருக்கும் பிடிபடாத ஒரு குளிர்ந்த வாசனை இருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த தாவீது அதை முகர்ந்துவிட்டு, “இது பனிமலை” என்று மட்டும் சொன்னார், அன்று முதல் காலையும் மாலையும் அதன் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ஏன் மாசானத்தின் வாசல் என்ற கேள்விக்கு டீக்கடைப் பரமார்த்தலிங்கம் பதில் கண்டுபிடித்தார். “வியாதிக்காரன் யாரத் தேடிப் போவான்? வைத்தியரத் தேடித்தான போவான். வண்டியளு விட்ட பாவமெல்லாம் நல்ல மெக்கானிக்கத் தேடி வந்திருக்கு. கூலி வாங்காம வேலை செய்யுத மனுசன் வேற எந்த ஊருல இருக்கான், சொல்லுங்க பாப்போம்.”

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. முதலில் ஒருத்தி பட்டறை ஷட்டரில் மாலை மாட்டினாள். பிறகு எலுமிச்சம்பழம் வந்தது, சூடம் வந்தது, நாங்குநேரியிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புதுவண்டி வாங்கினவர்கள் அவன் கையால் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தார்கள், ஆயில் கொட்டிக்கிடக்கிற தரையில். மாசானம் இளைத்தான். சோற்றில் கை வைத்தால் பெட்ரோல் மணத்தது. அவன் வீட்டுக்காரி சொர்ணம், “ஊரே கும்பிடுது, ஒமக்கு மட்டும் ஏன் மூஞ்சி இப்பிடித் தொங்குது?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்ல” என்றான். ஒருவன் ஒண்ணும் இல்ல என்று சொல்லியே எத்தனை நாள் ஓட்ட முடியுமோ அத்தனை நாள் ஓட்டினான்.

கிரேசம்மா வழக்கம்போல வேனைக் கொண்டுவந்தாள், லைட் எரிகிறது என்று. வேன் தெருவில் திரும்பியதும், ரயில்வே கேட்டிலிருந்து பட்டறை வரைக்கும் நின்ற புகை உருண்டைகள் எல்லாம், தாய்ப்பசு வந்தால் கன்றுகள் எழுவதுபோல ஒரு சாண் எழும்பி நின்றன. அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“ஏன் மாசானம், இதுவ என் வண்டியக் கண்டா மட்டும் எந்திரிக்குது?”

“சூடுக்கா. எஞ்சின் சூட்டுக்கு எழும்பும்.”

“பஸ்ஸு போச்சே இப்ப. அதுக்கு எழும்பலியே.”

அவன் ஸ்கேனரைச் சொருகினான். அது அதே வரியைச் சொல்லிற்று. அவன் அணைத்தான்.

ஆவணி பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கபுஷ்பத்தை அவள் புருஷன் ராஜமணி பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். வாழை இலை வியாபாரம் செய்கிற அவன் ஒரு கட்டு இலையைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தான். அந்தப் புகையை மூன்று மூச்சு இழுத்தால் நெஞ்சுக் கோளாறு தீரும் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பி, இரண்டு வாரமாக இளைப்புக்காரர்கள் வந்து இழுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மாசானம் தடுத்துப் பார்த்தான், அது அவனுடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது தங்கபுஷ்பம் பைக்கிலிருந்து இறங்கினாள். பத்தடி தூரம் நடக்க நான்கு தடவை நின்றாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்தி ஏறி ஏறி இறங்கியது. முதல் உருண்டைக்கு முன்னால் நின்று, மாசானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முகத்தை அதற்குள் கொடுக்கக் குனிந்தாள்.

மாசானம் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

“இழுக்காத தாயி. வேண்டாம். இது அதேதான்.”

“எது அண்ணாச்சி?”

“ஒன் நெஞ்சுக்குள்ள கெடக்குல்லா, அதே புகைதான். கிரேசம்மா வண்டிப் புகை. அந்த வண்டியில புகையச் சுத்தம் பண்ணுத கல்ல நாந்தான் எடுத்து வித்தேன். நான் போட்ட வெல்டிங்குதான் விரிஞ்சு ஒன் சீட்டுக்கு அடியில கசிஞ்சிது. எனக்குத் தெரியும். மூணு வருசமாத் தெரியும்.”

சுற்றி இருபது முப்பது பேர் நின்றார்கள். பரமார்த்தலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாத்தியளா, பெரிய மனுசன் எப்பிடி அடுத்தவன் பாவத்தத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாரு” என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஒருவர் குனிந்து அவன் காலைத் தொட்டார். அவன் திரும்பத் திரும்பச் சொன்னான், டப்பாவை எந்த இடத்தில் அறுத்தான், சாக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் சொன்னான். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் பக்தி கூடியது. தங்கபுஷ்பம் மட்டும் கும்பிட்ட கையை இறக்கி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, புருஷனுடைய பைக்குக்குத் திரும்பி நடந்தாள், போகிற வழியிலும் நான்கு தடவை நின்று. ராஜமணி வாழை இலைக்கட்டைக் காணிக்கைக் குவியலிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஆலைப் பெண்களை இறக்கிவிட்டுவிட்டு கிரேசம்மா வந்தாள். வேனை நிறுத்தினாள், ஆனால் இறங்கவில்லை. அவன் கதவருகே போய் நின்றான்.

“கேள்விப்பட்டேன். நெசமா?”

“நெசம்தான்க்கா.”

“என்னைக்கு?”

“கிளட்ச் மாத்த விட்டுட்டுப் போனியல்லா, அன்னைக்கு.”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அன்னைக்கு நான் ஒனக்குச் சாளை மீனுல புளிமுளக் கொழம்பு வச்சிக் கொண்டுவந்தேன்.”

“ஆமா.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“கல்ல எடுக்கதுக்கு முன்னால சாப்பிட்டியா, பொறவு சாப்பிட்டியா?”

“பொறவுதான்க்கா.”

அவள் சாவியைத் திருப்பினாள். “நாளைக் காலையில ஆறு மணிக்கு வந்து பின்னாடி சீட்டுல இரி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

போனான். தங்கபுஷ்பம் வேலையை விட்ட பிறகு ஆறு பெண்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள்; ஆறு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். பின் சீட்டின் ஓரத்தில், கதவு ரப்பர் பிய்ந்த இடத்தில், ஒரு பழைய சேலை நீளமாகச் சுருட்டி அடைத்து வைத்திருந்தது. கால்மாட்டில் காய்ந்த எலுமிச்சம்பழத் துண்டுகள் கிடந்தன. நாற்றம் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பழைய வண்டி அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். மணலடிக்கிற காற்றுக்குக் கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு கிரேசம்மா நெடுஞ்சாலையில் ஏறினாள். கணவாயைத் தாண்டுவதற்குள் அவனுக்குத் தலை கனத்தது. தோவாளை வருவதற்குள் வாயில் இரும்பு ருசி தட்டியது.

“எப்பவும் இங்க தங்கபுஷ்பந்தான் இரிப்பாளா?” என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டான்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மொதல்ல ஆளுக்கொரு நாளுன்னு வச்சிருந்தோம். நான் முழுகாம இருந்தப்ப, மாசமா இருக்கவ அங்க இரிக்கக் கூடாதுன்னு அவ வந்து இருந்தா. பிள்ள பெத்து வந்த பொறவும் எந்திரிக்கல. பழகிட்டு, நான் இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டா.”

ஆலை வாசலில் இறங்கி மாசானம் சாலையோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தான். கிரேசம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவன் வாய் கொப்பளித்து எழும்பியதும், “ஒனக்கு ஒரு நாளுதான்” என்றாள்.

அந்த வாரமே அவன் பட்டறையிலிருந்த பெரிய கம்ப்ரெஸரை விற்றான். மதுரைக்குப் போய்ப் புதுக் கன்வெர்ட்டர் வாங்கிவந்து, பழைய வெற்று டப்பாவை அறுத்து எறிந்துவிட்டு, இதைப் பொருத்தினான். பின் கதவு ரப்பரை மாற்றினான். நாலாம் நாள் லைட் எரியவில்லை. பத்தாம் நாளும் எரியவில்லை. ஆனால் புகை அப்படியே நின்றது. இனிமேல் வராது என்பது வந்ததை எப்படிப் போக்கும்?

வழி சொன்னது கிரேசம்மாதான். வேனுக்குப் பக்கத்தில் நின்று அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வண்டி விட்டத வண்டியே குடிக்கட்டும்” என்றாள். மாசானம் எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயை ஃபில்டரிலிருந்து கழற்றி, நீளமாக ஒரு ஹோஸைச் சேர்த்து, முதல் உருண்டையிடம் நீட்டினான். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அதை இழுத்துக்கொண்டது. பின்னால் சைலன்ஸர் வழியாக வெறும் வெந்த காற்றும், சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தண்ணீரும் வந்தன. ஒன்று போனதும் அடுத்தது தானாக நகர்ந்து முன்னால் வந்து நின்றது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேன் குடிக்காது, மூச்சு முட்டி நின்றுவிடும். ஆகவே தினமும் ஆலைப் பெண்களை விட்டுவிட்டு வந்த பிறகு, மத்தியானம்வரை கிரேசம்மா எஞ்சினை ஓட விட, மாசானம் ஹோஸைப் பிடித்தபடி நிற்க, வரிசை ரயில்வே கேட்டிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்து வந்தது.

ஊருக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. கல்லைத் திருடினான் என்றபோது நம்பாதவர்கள், புகையை ஒழிக்கிறான் என்றதும் அவனைத் திருடன் என்றார்கள். பரமார்த்தலிங்கம் அவனுக்கு டீ கொடுப்பதை நிறுத்தினார். மாலைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மகனின் ஊர்வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கினான். அந்த வாரத்துக்குள் மகனிடமிருந்து போன் வந்துவிட, அவளே எழுந்து, “கொண்டு போ” என்றாள். தாவீது பனிமலை உருண்டைக்கு முன்னால் அட்டென்ஷனில் நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டு விலகினார்.

அப்படி ஒவ்வொன்றுக்கும் ஹோஸை நீட்டும்போதுதான் மாசானம் அதைக் கவனித்தான். உருண்டைகளில் முக்கால்வாசி முழுசாக இல்லை. அவற்றில் ஒரு பக்கம், ஒரு கைப்பிடி அளவுக்கு, கிள்ளி எடுத்த மாதிரி குழிந்திருந்தது. வழியில் தேய்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தான். பிறகு நாள் கணக்கில் நின்ற அந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். முதல் வருஷத்துப் புகையில் குழி இல்லை, வெல்டிங் விரிந்த நாளிலிருந்துதான் குழி. உலகமெல்லாம் சுற்றின புகை ஒரு இழை குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. வேனுக்குள்ளேயே போனது மட்டும் வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஒரு குழிக்குள் கையை வைத்துப் பார்த்தான். கிரேசம்மா வந்து பார்த்துவிட்டு, அவளும் அந்தக் குழிக்குள் கையை வைத்துப் பார்த்தாள். “எங்கிட்டயும் கொஞ்சம் இருக்கும்” என்றாள்.

தை பிறந்து இரண்டாம் நாள் கடைசி உருண்டையும் போனது. தெரு பழைய தெருவாகக் கிடந்தது. மாசானம் குளித்து, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனான். ராஜமணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து, “விடுங்க, வரட்டு” என்று குரல் வந்தது. ஜன்னலோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு காம்பு உருவுவாள், ஓய்வாள், மறுபடி இரண்டு.

“எல்லாம் போயிட்டு தாயி. ஒங்கிட்ட இருக்கதுதான் பாக்கி.”

“அதுக்கு வண்டி இல்லல்லா?”

“இல்ல.”

“அப்ப என்ன செய்யப் போறிய?”

“தெரியல.”

அவள் கீரையை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “லைட்டு ஏன் எரியுதுன்னு கிரேசக்கா நாலு வருசமாக் கேட்டாவளே. ஒரு நாளாவது தெரியலன்னு சொன்னியளா? என்னெல்லாம் காரணம் சொன்னிய. இப்ப மட்டும் தெரியல.”

அவன் தலை குனிந்தான். தரையில் உட்காரலாமா, கூடாதா என்று தெரியாமல் நின்றான். “மன்னிச்சிரு தாயி.”

“அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதிய” என்றாள் அவள். “அதுக்கு நெறைய மூச்சு வேணும்.” அடுத்த பேச்சுக்குக் காற்றுச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: “டாக்டரு தெனமும் நடக்கச் சொல்லிருக்காவ. இவிய இலை ஏவாரத்துக்குப் போயிருதாவ. கால்வாப்பாலம் வரைக்கும் போயிட்டு வரணும். நடுவுல நிக்க முடியல, உக்காரணும்.” எழுந்து, உட்கார்ந்திருந்த சேரைக் கையால் காட்டினாள். “அத எடுங்க.”

அவன் சேரை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். பத்தடிக்கு ஒரு தடவை அவள் கையை லேசாகத் தூக்குவாள், அவன் சேரைத் தரையில் வைப்பான், அவள் உட்காருவாள். அவன் சேரின் முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்பான். முதல் நாள் பெரிய தெருவைக் கடக்கிறபோது, சரியாக நடு ரோட்டில் அவள் கை உயர்ந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. டவுன் பஸ் வந்து நின்றது, டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போய், எடுத்துக்கொண்டார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கபுஷ்பம் நடு ரோட்டில் அந்த நீலச் சேரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு மூச்சாகக் கீழேயிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மாசானத்துக்குத் தன் மூச்சு பெரிதாகக் கேட்டது; அதைச் சத்தமில்லாமல் விடப் பார்த்தான், முடியவில்லை.